நிவாக் கரை யாழும் ஒரு வேதியியல் ஆசிரியரும்

சிதம்பரத்திலிருந்து திட்டக்குடிக்குப் போகும் வெள்ளாற்று வழிக்கு யாழின் வழி என்று பெயரிடலாம். பெரியபுராணத்தின்படி, எருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் தில்லையில் ஞானசம்பந்தரோடு இருந்தபோது, நிவா ஆற்றங்கரையில் உள்ள தம் ஊர் முதலான தலங்களை வந்து வணங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நிவா என்பது வெள்ளாற்றின் பழைய பெயர். எருக்கத்தம்புலியூர்தான் விருத்தாசலத்தை அடுத்த இன்றைய ராஜேந்திரப்பட்டினம். அங்கிருந்து முதுகுன்றம், பெண்ணாடம், திட்டக்குடிப் பக்கத்து அரத்துறை என்று அவர்கள் மேற்கே நடக்கிறார்கள். கூடவே யாழும் போகிறது. பிற்காலத்தில் தில்லைக் கோயில் அறையிலிருந்து தேவார ஏடுகள் கிடைத்தபோது பண்ணடைவு தெரியாமல் திகைத்தார்கள் என்றும், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரிலிருந்து அழைத்துவந்து பண் அமைத்தார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இதில் வரலாறு எவ்வளவு, புராணம் எவ்வளவு என்பது தனி வழக்கு. பாட்டு ஏட்டில் பிழைத்தாலும் அதன் இசை தொலைந்துபோகக்கூடும் என்பதை இந்த வட்டாரம் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது என்பது மட்டும் தெளிவு. அந்த இசையைத் தாங்கிய யாழுக்கும் அதே கதிதான். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது யாழ் என்ற சொல் எல்லாப் பாட்டிலும் இருந்தது, கருவியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வீணைக்குத்தான் முன்பு யாழ் என்று பெயர் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோனவர்கள் பலர். அந்தச் சோம்பலான விடையை ஏற்காமல், யாழைக் கணக்குப் போட்டு, வடிவம் வரைந்து, நரம்பு கட்டி மீட்டெடுக்க முனைந்தவர் ஒரு வேதியியல் ஆசிரியர். அவருக்குத் தமிழ்ப் பேராசிரியர் நாற்காலியைக் கொடுத்த ஊர் சிதம்பரம்.

மயில்வாகனம் என்ற இயற்பெயர் கொண்ட சுவாமி விபுலாநந்தர் 1892இல் கிழக்கிலங்கையில் மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்தவர். 1916இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டத்தையும் ஊரில் இருந்தபடியே எழுதி வாங்கிக்கொண்டு, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து 1924இல் துறவு பூண்டார். 1926இல் சேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றி ‘மதங்க சூளாமணி’ எழுதினார். கூத்தருள் தலைமணி என்று சேக்ஸ்பியரைச் சுட்டும் பெயர் அது. யாழ்ப்பாணரின் மனைவிக்கும் மதங்கசூளாமணி என்றே பெயர் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த மனிதர் பிறகு எங்கே போய்ச் சேரப்போகிறார் என்று முன்கூட்டியே யாரோ குறித்துவைத்தது போலத் தோன்றும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரை அங்கே இருந்தார். பல்கலைக்கழகத்தை ஒட்டிய திருவேட்களத்துச் சேரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

இந்த நியமனத்தைத் தனி ஒருவரின் அதிர்ஷ்டமாகப் பார்த்தால் சிதம்பரத்தின் வரலாற்றைத் தவறவிடுவோம். 1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி 1929இல் பல்கலைக்கழகமான அந்த நிறுவனம், தன் முதல் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்த்துறைக்கு ஆள் பிடித்த விதமே வேறு. விபுலாநந்தருக்கு முன்பு அங்கே இருந்த கா. சுப்பிரமணிய பிள்ளை சட்டத்தில் எம்.எல். பட்டம் பெற்றவர், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், கல்கத்தாவின் தாகூர் சட்டச் சொற்பொழிவுக்குத் தேர்வானவர். எம்.எல். பிள்ளை என்றே ஊர் அவரை அழைத்தது. விபுலாநந்தருக்குப் பிறகு 1933இல் வந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் தூத்துக்குடியிலும் மதுரையிலும் வழக்கு நடத்திய வக்கீல். வழக்கறிஞர், வேதியியலாளர், மறுபடி வழக்கறிஞர். அவர்களோடு ந. மு. வேங்கடசாமி நாட்டார் போன்ற முறையான புலவர்களும் இருந்தார்கள். அந்த வரிசையைப் பார்க்கும் இன்றைய தேர்வுக்குழு உறுப்பினர் எவரும் தலையில் கைவைத்துக்கொள்வார். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை என்பது அப்போது புதிய சரக்கு, அதற்கென்று வார்த்த அச்சு எதுவும் இல்லை. ஆகையால் எங்கோ ஓரிடத்தில் சான்று கேட்கவும் சான்றை எடைபோடவும் பழகியவர்களை அழைத்தார்கள். வக்கீல்கள் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யும் பழக்கத்தோடு வந்தார்கள், பாரதியாரின் தொல்காப்பிய ஆராய்ச்சியில் நீதிமன்ற வாடை வெளிப்படையாகவே வீசும். வேதியியல்காரர் கொண்டுவந்தது இன்னொன்று.

அது என்ன என்பதில்தான் இந்தக் கட்டுரையின் வாதம் இருக்கிறது. அவர் வேதியியலைக் கொண்டுவரவில்லை. யாழாராய்ச்சியில் அமிலத்துக்கோ உப்புக்கோ வேலை கிடையாது. ஒரு செய்முறை எழுதப்பட்டிருந்தால் அதைச் செய்துபார்த்து, சொன்ன விளைவு வந்தால்தான் நம்புவது என்ற ஆய்வுக்கூடப் பழக்கமே அவரோடு வந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணத்தைச் சொல்லும் வரிகள் சில உண்டு. அடியார்க்குநல்லார் அவற்றுக்கு விரிந்த உரை எழுதியிருக்கிறார். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்ற கணக்கும், குரல் முதல் தாரம் வரை ஏழு நரம்புக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று மொத்தம் 22 அலகு வரும் கணக்கும் அந்த மரபில் உள்ளவை. இலக்கியம் படிப்பவருக்கு இவை மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள். ஆய்வுக்கூடத்தில் பழகியவருக்கோ இவை அளவீடுகள், ஏதோ ஒரு பொருள் ஒரு காலத்தில் இப்படி அளக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான தடயங்கள். 21 நரம்பு உள்ள கருவி வீணையாக இருக்க முடியுமா? வீணையில் மெட்டுகள் உண்டு, ஒரே தந்தியை விரலால் அழுத்தி நீளத்தை மாற்றிப் பல சுரங்களை எடுக்கலாம், ஆகவே தந்திகள் சில போதும். ஒரு நரம்புக்கு ஓர் ஓசை என்று வைத்தால் மட்டுமே இத்தனை நரம்புகள் தேவைப்படும். அப்படியானால் நரம்புகள் வெவ்வேறு நீளத்தில் இருக்க வேண்டும், கருவி வில்போல வளைந்திருக்க வேண்டும். சொல்லகராதியைப் புரட்டி இந்த முடிவுக்கு வர முடியாது. தந்தியின் நீளம் பாதியானால் ஓசை இரட்டிக்கும், மூன்றில் இரண்டானால் ஐந்தாம் நரம்பாகிய இளி பிறக்கும், நான்கில் மூன்றானால் உழை பிறக்கும் என்ற பௌதிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரையைப் படிப்பவருக்கு அது தானே வந்து விழும்.

அங்கேயும் அவர் நிற்கவில்லை. ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் நான்காம் நரம்பை நட்பு என்றும் பழைய நூல்கள் உறவு சொல்கின்றன. கிளையிலிருந்து கிளைக்குப் பன்னிரண்டு முறை தாவினால் தொடங்கிய இடத்துக்கே ஏழு தானம், அதாவது ஏழு ஸ்தாயி, மேலே வந்து சேர வேண்டும் என்பது காதின் எதிர்பார்ப்பு. கணக்கு அதற்கு ஒத்துவராது. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறக்குறைய 129.75 வரும், இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இந்தச் சிறு இடைவெளிதான் உலகத்து இசை இலக்கணக்காரர்கள் எல்லோரையும் பித்துப்பிடிக்க வைத்த பிசகு. இசையை எண்ணால் அளக்க முயலும் எவரும் இதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். 22 அலகுக்கும் விகித எண் கண்டு, பாலைகள் என்னும் சுர வரிசைகள் ஒன்றிலிருந்து ஒன்று திரியும் முறையை அந்த எண்களில் வைத்துச் சரிபார்த்து, சிற்பங்களில் உள்ள உருவங்களோடு கருவியின் வடிவத்தை ஒப்பிட்டு, கடைசியில் யாழ்களைச் செய்தும் பார்த்தார். சிதம்பரத்தை விட்டபின் இமயமலை மாயாவதி ஆசிரமத்தில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராக இருந்த ஆண்டுகளிலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான பின்னும் இந்த வேலை தொடர்ந்தது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்ற ஏழு இயல்களோடு ‘யாழ்நூல்’ கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்து, 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. இயல்களின் வரிசையைக் கவனித்தால் உள்ளே இருப்பவர் யார் என்பது தெரியும். கருவி, அதன் உறுப்பு, நரம்பின் அளவு, அளவிலிருந்து பாலை, பாலையிலிருந்து பண், பண்ணிலிருந்து தேவாரம். பெயர்கள் தொல்காப்பியத்தின் இயல்களைப் போல் ஒலிக்கின்றன, போக்கோ ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டின் போக்கு.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் எழும். மயில்வாகனம் சின்ன வயதிலேயே தமிழ் கற்றவர், பண்டிதத் தேர்வில் தேறியவர், அவரைத் துறை மாறிய அறிவியலாளர் என்பதைவிட வயிற்றுப்பாட்டுக்கு வேதியியல் படித்த தமிழ்ப் புலவர் என்பதே பொருத்தம் என்று சொல்லலாம். இதில் பாதி உண்மை. பண்டிதத் தேர்வு இல்லாமல் யாழ்நூல் இல்லை. புதிய துறைக்குள் நுழைகிறவர் அந்தத் துறையின் சுங்கத்தை முழுதாகக் கட்ட வேண்டும், பௌதிகம் தெரியும் என்ற ஒரே சீட்டைக் காட்டி அடியார்க்குநல்லாரைத் தாண்டிப் போக முடியாது. மீதிப் பாதிக்குச் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு 1892இல் பதிப்பித்துவிட்டார், அதாவது விபுலாநந்தர் பிறந்த ஆண்டில். அந்தப் பதிப்பு இல்லாவிட்டால் யாழ்நூலுக்குத் தரவே கிடையாது. ஐயர் 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். அச்சில் வந்து நாற்பது ஆண்டுகளாகத் தேர்ந்த புலவர்கள் எத்தனையோ பேர் அந்த உரையைப் படித்தார்கள், பாடம் நடத்தினார்கள், பாடபேதம் பார்த்தார்கள். எண்களை எடுத்துக் கருவி செய்ய உட்கார்ந்தவர்கள் இல்லை. புலமையில் அவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். ஒரு வரியின் பொருள் விளங்கிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் பயின்ற ஒழுங்கு. பொருள் விளங்கிய இடத்தில்தான் வேலை தொடங்குகிறது என்பது இவர் பயின்றது. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. சி. வி. ராமன் இருபதுகளின் தொடக்கத்தில் வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை ஆராய்ந்தவர். தம்பூராவின் வளைந்த குதிரை ஏன் அத்தனை ரீங்காரத்தைத் தருகிறது என்று கேட்டார், அருமையான விடையும் கண்டார். ஆனால் அவர் பௌதிகத்திலேயே இருந்தார், ஆகவே கையில் இருக்கும் கருவியைப் பற்றி மட்டும் கேட்க முடிந்தது. செத்துப்போன கருவியை எழுத்திலிருந்து எழுப்ப இரண்டு துறையின் சுங்கச் சீட்டும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. அளவும் கணக்கும் உண்மையைக் கொண்டுவந்துவிடும் என்றால், ஆபிரகாம் பண்டிதர் ஏன் வேறு முடிவுக்கு வந்தார்? தஞ்சாவூரில் சித்த மருத்துவம் செய்து, மூலிகைத் தோட்டம் போட்டு, சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டிய அவரும் இன்னொரு தொழிலின் பழக்கத்தோடு இசைக்கு வந்தவர்தான். 1917இல் வந்த அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ எண்களால் நிரம்பிய பெருநூல். அதே சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டு, 22 சுருதி என்பது பிழை, தமிழர் கணக்கு ஒரு தானத்தைச் சமமாகப் பங்கிட்ட 24 அலகு என்று அவர் வாதிட்டார். விபுலாநந்தரின் பாலை முடிவுகளிலும் சிலவற்றைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. அடியார்க்குநல்லார் மேற்கோள் காட்டும் பஞ்சமரபு எழுபதுகளில் அச்சேறியபோது, விபுலாநந்தர் கையில் இல்லாத தரவு அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது. இவற்றை வைத்து, அறிவியல் வேடம் போட்டதெல்லாம் வீண் என்று சொல்வோர் உண்டு. எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. யாழ் தெய்வீகமானது, பண் இனிமையானது என்று மட்டும் எழுதியிருந்தால் பின்வந்தவர் எதை மறுத்திருக்க முடியும்? 22 என்றும் 24 என்றும் எண்ணாக எழுதிவைத்ததால்தான் எந்த இடத்தில் இருவரும் பிரிகிறார்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. தந்தியைக் கட்டி மீட்டிக் காதால் கேட்டும் சோதிக்கலாம். தன் பிழையைப் பிறர் கண்டுபிடிக்கும்படி எழுதுவது ஆய்வுக்கூடத்தில் கற்கும் மரியாதை. தமிழ் இசை ஆராய்ச்சிக்குள் அந்த மரியாதை வந்தது இந்த இரண்டு பேரால்தான்.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. விபுலாநந்தர் துறவி. குடும்பம் இல்லை, கடன் தவணை இல்லை, ஊர் மாறினால் வாடகை வீடு தேட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஒரே கேள்விக்குக் கொடுக்க அவரால் முடிந்தது, திட்டக்குடியிலிருந்து பேருந்தில் வந்து படித்து முனைவர் பட்டம் வாங்கிய விவசாயி வீட்டுப் பிள்ளையால் அது முடியுமா? நியாயமான கேள்விதான். ஆனால் துறவு ஒன்றே வழி என்று வரலாறு சொல்லவில்லை. டி. டி. கோசாம்பி புணேயில் கணிதம் கற்பித்துக்கொண்டே பழைய முத்திரை நாணயங்களை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தார். கைமாறக் கைமாற நாணயம் தேய்ந்து எடை குறையும், அந்தத் தேய்மானத்தின் புள்ளியியலைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லலாம் என்று காட்டி, பிறகு இந்திய வரலாற்றெழுத்தையே திருப்பிவிட்டார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி அதே வேலையில் இருந்தபடியே கல்வெட்டு எழுத்து, சிந்துவெளிக் குறியீடு, வாசலில் போடும் கோலம் எல்லாவற்றையும் கணித முறையால் ஆராய்ந்தார். ஒருவருக்கு மடம், மற்ற இருவருக்கும் கல்லூரிச் சம்பளம். துறை தாண்டுவதற்கான செலவை மூன்று பேருக்கும் யாரோ ஏற்றிருக்கிறார்கள். தனிமனிதத் துணிச்சலைப் புகழும் கட்டுரைகள் இந்தச் செலவுக் கணக்கைத்தான் வசதியாக மறந்துவிடுகின்றன.

அறிவியலுக்கு ஓர் ஆள் நட்டம் என்று வருந்துவோரும் இருக்கிறார்கள். அதிகம் வருந்த வேண்டாம். 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் விபுலாநந்தர். அதிலிருந்து கிளைத்த வேலை 1938இல் கலைச்சொல் தொகுதியாக வந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழில் அறிவியல் படித்தவர்கள் எல்லோருமே அந்த முயற்சிக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள். போன துறையிலிருந்து பழைய துறைக்குச் சீர்வரிசை அனுப்பிவைத்த மாதிரி.

சிதம்பரத்துக்கே திரும்புவோம். ‘படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை’ என்பது இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு பட்டதாரி வீட்டிலும் கேட்கும் வாசகம். வேதியியல் படித்தால் வேதியியல் வேலை, இல்லையென்றால் படிப்பு வீண். நியமன விதிகளும் அதையே சட்டமாக்கிவிட்டன. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் அந்தந்தப் பாடத்திலோ அதை ஒட்டிய பாடத்திலோ முதுகலைப் பட்டம் வேண்டும், அதற்கு மேல் நெட் அல்லது செட் தேர்வு, இல்லையேல் முனைவர் பட்டம். 1931இன் விபுலாநந்தர் இன்று விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே கழிந்துவிடுவார். விதி வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. திறந்த கதவு வழியாக விபுலாநந்தர் மட்டும் வரமாட்டார், சிபாரிசுக் கடிதமும் வரும். அந்தப் பயம் நியாயமானது, அதற்காகக் கதவையே சுவராக்கியதுதான் நியாயமில்லை. 2013இல் அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, உபரியாக இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் பணிநிரவல் என்ற பெயரில் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆக, இடம்மாற்றம் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதில்லை. ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுச் செய்த மாற்றம் 1931இல் நடந்தது, ஆணை வழியாக நடந்தது பிறகு.

விபுலாநந்தர் யாழ்நூல் அரங்கேறி ஏழு வாரம் முடிவதற்குள், 1947 ஜூலை 19இல் காலமானார். அவரோடு யாழாராய்ச்சியில் துணைநின்ற க. வெள்ளைவாரணனார் 1943 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, பன்னிரு திருமுறைகளின் வரலாற்றை எழுதினார். எனவே அந்த ஆய்வின் ஒரு கிளையாவது சிதம்பரத்துக்கே திரும்பிவந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று இசைத்துறை இருக்கிறது, இயற்பியல் துறை இருக்கிறது, வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையமும் இருக்கிறது. தமிழ், வரலாறு, இசை ஆகிய துறைகளின் ஆய்வுச் சேர்க்கையில் ஆண்டுக்கு ஓர் இடத்தையாவது, புதிய துறையில் தகுதித் தேர்வு எழுதித் தேறும் அறிவியல் பட்டதாரிக்கு, உதவித்தொகையோடு ஒதுக்கிவைக்க வேண்டும். சிண்டிகேட் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.